பெருந்தொற்று நேரத்தில் ரயில் நிலையத்தில் திடீர் கூட்டம் ஏன் கூடுது? 2020ல் ரயில்வே என்ன செய்தது, எங்கே சறுக்கியது?

2020 ஏப்ரல் 14. காலையில் பிரதமர் டிவியில் பேசினார். 21 நாள் ஊரடங்கு அன்றோடு முடியும் என்று காத்திருந்தவர்களுக்கு மே 3 வரை நீட்டிப்பு என்ற செய்தி கிடைத்தது. அன்று மாலைக்குள் மும்பை பாந்த்ரா ரயில் நிலையத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கத்தைச் சேர்ந்தவர்கள். கேட்டது ஒரே விஷயம்தான்: ஊருக்குப் போக ரயில் வேணும்.

ஆனால் அன்று ரயிலே கிடையாது. நாடு முழுவதும் பயணிகள் ரயில் நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. கடைசியில் போலீஸ் தடியடி நடத்தித்தான் கூட்டத்தைக் கலைத்தது.

ஓடாத ரயிலுக்கு எப்படி இவ்வளவு கூட்டம் வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் தொற்றுநோய் காலத்தில் ரயில் நிலையக் கூட்டத்தை எப்படி சமாளிக்கிறார்கள் என்பது புரியும்.

பண்டிகைக் கூட்டமும் இதுவும் ஒண்ணா?

இல்லை. தீபாவளி, பொங்கல் கூட்டம் எப்போ வரும் என்று ரயில்வேக்கு மாசக்கணக்கில் முன்னாடியே தெரியும். முன்பதிவு திறந்த சில நிமிஷத்தில் டிக்கெட் தீர்ந்துபோவதே எத்தனை பேர் வருவாங்க என்பதைச் சொல்லிடும். அதை வைத்து சிறப்பு ரயில் விடலாம், பெட்டி கூட்டலாம், கூடுதல் போலீஸ் போடலாம்.

தொற்றுநோய் நேரத்துக் கூட்டத்துக்கு அப்படி முன்னறிவிப்பு எதுவும் இல்லை. ஒரு அறிவிப்பு வரும், அல்லது அறிவிப்பு வரப்போகுது என்ற வதந்தி வரும். 'இதுதான் கடைசி ரயில்' என்ற பயம் கிளம்பும். அடுத்த மாசம் போகலாம் என்று இருந்தவர், அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தவர் எல்லாரும் ஒரே ராத்திரியில் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பாங்க.

இது இந்தியாவில் மட்டும் நடந்ததில்லை. 2020 ஜனவரி 23 அதிகாலையில் சீனாவின் வூஹான் நகரம் காலை 10 மணி முதல் மூடப்படும் என்று அறிவித்தார்கள். நடுவில் இருந்தது சில மணி நேரம்தான். அதற்குள் ரயில் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. சீனப் புத்தாண்டு விடுமுறை, தொற்று பயம் எல்லாம் சேர்ந்து, மூடுவதற்கு முன்பே சுமார் 50 லட்சம் பேர் நகரத்தை விட்டுப் போயிருந்ததாக அந்த நகர மேயரே சொன்னார். அதே ஆண்டு மார்ச் 7ஆம் தேதி இரவு இத்தாலியில் இன்னொரு கதை. லொம்பார்தி பகுதியை மூடும் உத்தரவின் வரைவு, கையெழுத்தாகும் முன்பே ஊடகங்களில் கசிந்துவிட்டது. மிலன் நகர ரயில் நிலையத்தில் தெற்கே போகும் இரவு ரயில்களுக்கு மக்கள் பெட்டியோடு ஓடினார்கள். தொற்றைத் தடுக்க எழுதிய உத்தரவே தொற்றுள்ள பகுதியில் இருந்து ஆட்களை வெளியே அனுப்பியது.

அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடுவது என்பதில்தான் சிக்கல். நேரம் கொடுத்தால் கூட்டம் ஓடும். கொடுக்காவிட்டால் இருக்கிற இடத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். இந்தியாவில் இரண்டுமே நடந்தது.

பழைய சட்டத்திலேயே ரயில் இருக்கு

கொரோனா நேரத்தில் எல்லாரும் பேசிய தொற்றுநோய்கள் சட்டம் 1897ல் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் பம்பாயில் பிளேக் பரவியபோது நகரத்தில் இருந்து லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள். அன்றைக்கு வேகமாகத் தப்பிக்க ரயில்தான் வழி. அதனால் அந்தச் சட்டத்தின் 2வது பிரிவிலேயே, ரயிலிலோ வேறு வழியிலோ பயணம் செய்பவர்களைப் பரிசோதிக்கவும் நோய் சந்தேகம் இருந்தால் தனிமைப்படுத்தவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். மிகச் சின்ன சட்டம் இது. அதில் ரயிலுக்கு ஒரு இடம்!

1994 செப்டம்பரில் குஜராத்தின் சூரத்தில் பிளேக் என்ற செய்தி பரவியபோதும் இதேதான். ஜவுளி, வைரப் பட்டறைகளில் வேலை பார்த்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் உட்பட லட்சக்கணக்கானோர் சில நாட்களிலேயே கிடைத்த ரயில், பஸ்ஸில் ஏறிப் போனார்கள். அவர்கள் போய் இறங்கிய ஊர்களில் ஸ்டேஷனிலேயே பரிசோதனை வைக்க வேண்டியதாயிற்று.

ஆக, 2020ல் நடந்தது யாரும் எதிர்பார்க்காத விஷயம் என்று சொல்ல முடியாது.

2020 மார்ச்: முதல்ல என்ன செஞ்சாங்க?

ஆரம்பத்தில் ரயில்வே கையில் எடுத்தது விலை. மார்ச் நடுவில் சுமார் 250 ஸ்டேஷன்களில் 10 ரூபாய் பிளாட்பார டிக்கெட் 50 ரூபாய் ஆனது. நம்ம ஊரில் ஒருத்தரை வழியனுப்ப மூணு பேர் வருவது வழக்கம். பயணம் செய்யாத அந்த மூணு பேரையும் வெளியே நிறுத்துவதுதான் நோக்கம். சமூக ஊடகங்களில் 'கொள்ளை' என்று திட்டினார்கள். கூட்டக் கட்டுப்பாடு என்ற கோணத்தில் பார்த்தால் இது நியாயமான நடவடிக்கைதான்.

அடுத்து கட்டணச் சலுகைகள். தேவையில்லாத பயணத்தைக் குறைக்க என்று சொல்லி, நோயாளிகள், மாணவர்கள், மாற்றுத்திறனாளிகள் தவிர மற்றவர்களுக்கான சலுகைகளை மார்ச் 20 முதல் நிறுத்தினார்கள். மூத்த குடிமக்கள் சலுகையும் அதில் போச்சு. கொரோனா முடிந்து ரயில்கள் வழக்கம்போல் ஓடத் தொடங்கிய பிறகும் அதைத் திரும்பக் கொடுக்கவில்லை. அவசரகாலத்துக்கு எடுத்த முடிவு அப்படியே நிலைத்துவிட்டதுக்கு இது ஒரு உதாரணம்.

மூன்றாவதாக, ஆட்கள் குறைவாக இருந்த ரயில்களை ரத்து செய்தார்கள். இங்கேதான் சிக்கல் ஆரம்பம். ரயில் குறைய குறைய மிச்சம் இருக்கிற ரயில்களில் கூட்டம் கூடும். 'இன்னும் எத்தனை நாளைக்கு ரயில் ஓடும்?' என்ற சந்தேகமும் கூடும். மும்பை, புனேவில் கடைகளும் பட்டறைகளும் மூட ஆரம்பித்ததும், மார்ச் 20, 21 தேதிகளில் அங்கிருந்து வட மாநிலங்களுக்குப் போகும் ரயில்களில் நிற்க இடமில்லாத அளவுக்குக் கூட்டம்.

அதே நாட்களில் இன்னொரு தகவலும் வந்தது. மார்ச் 13ஆம் தேதி டெல்லியில் இருந்து ராமகுண்டம் வரை ஆந்திரா சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸில் பயணித்த 8 பேருக்குத் தொற்று உறுதியானதாக ரயில்வே அமைச்சகமே அறிவித்தது. தொற்று ரயிலேறி ஊர் ஊராகப் போகிறது என்பது கண்முன் தெரிந்துவிட்டது. மார்ச் 22ஆம் தேதி மக்கள் ஊரடங்கு. அன்றே எல்லாப் பயணிகள் ரயில்களும் மார்ச் 31 வரை ரத்து என்று அறிவிப்பு வந்தது. இரண்டு நாள் கழித்து, மார்ச் 24 இரவு 8 மணிக்கு, நள்ளிரவு முதல் நாடு தழுவிய ஊரடங்கு என்றார் பிரதமர். கையில் இருந்தது 4 மணி நேரம். ரயிலோ ஏற்கெனவே நின்றுவிட்டது.

ரயிலை நிறுத்தினா கூட்டம் நின்றுவிடுமா?

ஸ்டேஷனில் நின்றது. வேறு இடங்களில் கூடியது. மார்ச் 28ஆம் தேதி டெல்லி ஆனந்த் விஹார் பஸ் நிலையத்தில் பல்லாயிரம் பேர் கூடிய காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது. பஸ்ஸும் கிடைக்காதவர்கள் நெடுஞ்சாலையில் நடந்தார்கள். சிலர் தண்டவாளத்தை வழியாகப் பிடித்து நடந்தார்கள். மே 8ஆம் தேதி அதிகாலை, மகாராஷ்டிராவின் அவுரங்காபாத் அருகே கர்மாட் என்ற இடத்தில், நடந்து களைத்துத் தண்டவாளத்திலேயே படுத்துத் தூங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயில் ஏறி இறந்தார்கள். பயணிகள் ரயில்தான் ஓடலை, தண்டவாளத்தில் எதுவும் வராது என்று நம்பியிருக்கலாம். ஆனால் சரக்கு ரயில்கள் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

பாந்த்ரா கூட்டத்துக்கும் இதில் இருந்தே பதில் கிடைக்கும். வேலை இல்லை, கையில் காசு இல்லை, பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டு பேர். ஊரடங்கு ஏப்ரல் 14 வரைதான் என்பதால் அதற்குப் பிந்தைய தேதிகளுக்கு ரயில் முன்பதிவும் திறந்தே இருந்தது. லட்சக்கணக்கானோர் டிக்கெட் போட்டிருந்தார்கள். 'ஊருக்குப் போக சிறப்பு ரயில்' என்ற செய்தியும் வாட்ஸ்அப் தகவல்களும் அன்று சுற்றின. இது தொடர்பாக ஒரு டிவி செய்தியாளர் உட்பட சிலர் கைதானார்கள், அவருக்குப் பிறகு ஜாமீன் கிடைத்தது. வதந்தியை மட்டும் காரணம் காட்டுவது சுலபம். ஆனால் முன்பதிவைத் திறந்து வைத்திருந்த ஒரு அமைப்பு, ரயில் ஓடும் என்ற நம்பிக்கையைத் தானே கொடுத்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

ஷ்ராமிக் ரயில்: வரிசையை ஸ்டேஷனுக்கு வெளியே நகர்த்திய திட்டம்

மே 1, தொழிலாளர் தினம். அதிகாலை 5 மணிக்கு முன்பே தெலங்கானாவின் லிங்கம்பள்ளியில் இருந்து 24 பெட்டிகளோடு ஒரு ரயில் ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்குக் கிளம்பியது. அதில் சுமார் 1,200 தொழிலாளர்கள். இந்த ரயில் போகப்போகுது என்று முன்கூட்டி எந்த அறிவிப்பும் இல்லை. கிளம்பிய பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தது. ரகசியமாக வைத்தது வேணும்னேதான். பாந்த்ரா நடந்து இரண்டே வாரம் ஆகியிருந்தது.

இதுக்கு ஷ்ராமிக் சிறப்பு ரயில் என்று பெயர். வழக்கமான ரயிலுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம், இதில் டிக்கெட் கவுன்டர் கிடையாது. ஊருக்குப் போகணும்னா மாநில அரசிடம் பதிவு செய்யணும். எத்தனை பேர், எந்த ஊருக்கு என்று பார்த்து மாநில அரசு ரயில்வேயிடம் ரயில் கேட்கும். யாருக்கு எந்த நாள் என்று குறுஞ்செய்தியோ போனோ வரும். குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் பரிசோதனை. அறிகுறி இல்லாதவர்களை மட்டும் பஸ்ஸில் ஏற்றி, குழு குழுவாக ஸ்டேஷனுக்குக் கொண்டுவருவார்கள். பஸ்ஸில் இருந்து இறங்கி நேரே பெட்டிக்குள். ஸ்டேஷன் வாசலில் காத்திருக்கும் கூட்டம் என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்பதுதான் மொத்தத் திட்டத்தின் அடிப்படை.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,200 பேரை ஆளுக்கு 2 மீட்டர் இடைவெளியில் ஒற்றை வரிசையில் நிறுத்தினால் வரிசையின் நீளம் 2.4 கிலோமீட்டர். 24 பெட்டி ரயிலின் நீளமே அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான். எந்த ஸ்டேஷனிலும் இந்த வரிசைக்கு இடம் இருக்காது. ஒருத்தருக்கு 10 விநாடியில் காய்ச்சல் பார்த்தாலும் ஒரே மேஜையில் 1,200 பேருக்கு 200 நிமிஷம் ஆகும். 10 மேஜை போட்டால் 20 நிமிஷம். பஸ்ஸில் பாதி இருக்கையில், 25 பேர் வீதம் ஏற்றினால் 48 பஸ் வேணும். அவை ஒரே நேரத்தில் வந்து நின்றால் மறுபடியும் கூட்டம். அதனால் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நேரம் குறித்து அனுப்பணும். கூட்டக் கட்டுப்பாடு என்றால் லத்தி, கயிறு, தடுப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பகுதி இந்த மாதிரி நேரக் கணக்குதான்.

பெட்டிக்குள்ளேயும் கணக்கு இருந்தது. ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கை. நடுப் படுக்கை 18ஐ காலியாக விட்டால் 54. இப்படித்தான் ரயிலுக்குச் சுமார் 1,200 பேர் என்ற எண்ணிக்கை வந்தது. வழியில் எங்கும் நிற்காது. ஆனால் பத்தே நாளில் கேட்பவர்கள் எண்ணிக்கை ரயில்களைத் தாண்டிப் போய்விட்டது. மே 11 முதல் நடுப் படுக்கையையும் கொடுத்து 1,700 பேர் வரை ஏற்றவும், சேரும் மாநிலத்தில் மூன்று இடங்கள் வரை நிற்கவும் அனுமதித்தார்கள். இடைவெளி முக்கியமா, சீக்கிரம் ஊர் சேர்ப்பது முக்கியமா என்ற கேள்வியில் இரண்டாவது ஜெயித்தது. வெளியே லட்சக்கணக்கானோர் வெயிலில் நடந்துகொண்டிருந்தபோது வேறு முடிவு எடுப்பது கஷ்டம்தான்.

தமிழ்நாட்டில் இருந்து முதல் ஷ்ராமிக் ரயில் மே முதல் வாரத்தில் காட்பாடியில் இருந்து ஜார்க்கண்டுக்குக் கிளம்பியது. வேலூருக்குச் சிகிச்சைக்காக வந்து ஊரடங்கில் மாட்டிக்கொண்ட நோயாளிகளும் அவர்களோடு வந்தவர்களும் அதில் போனார்கள். சிகிச்சை முடிந்தும் வாடகை அறையில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்.

மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை மொத்தம் 4,621 ஷ்ராமிக் ரயில்கள் ஓடின. 63.19 லட்சம் பேர் பயணம் செய்தார்கள். சராசரியாக ரயிலுக்கு 1,367 பேர்.

எங்கே சறுக்கியது?

வரிசை ஸ்டேஷனை விட்டுப் போனது. ஆனால் மறையவில்லை. பதிவு செய்யும் இடத்துக்குப் போய் நின்றது. மே 18ஆம் தேதி டெல்லியை ஒட்டிய காஜியாபாத்தில், ஷ்ராமிக் ரயிலுக்குப் பதிவு செய்ய ராம்லீலா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒட்டி உரசி நின்றார்கள். இடைவெளி, முகக்கவசம் எல்லாம் காற்றில் போனது. மறுநாளே பாந்த்ரா டெர்மினஸில் இன்னொரு கூட்டம். பீகாரின் பூர்ணியாவுக்கு ரயில் போகுதுன்னு கேள்விப்பட்டுப் பதிவு செய்யாதவர்களும் வந்துவிட்டார்கள். பதிவு செய்து வாரக்கணக்கில் பதில் வராதவருக்கு, நேரில் போய் நிற்பதைத் தவிர வேறு வழி தோன்றாது.

பதில் ஏன் வரவில்லை? ஆரம்பத்தில் அனுப்பும் மாநிலம், சேரும் மாநிலம் இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் ரயில். சேரும் மாநிலத்துக்குத் தனிமைப்படுத்தும் முகாம் நடத்தணும், பரிசோதனை செய்யணும். எல்லா மாநிலமும் வேகமாகச் சம்மதிக்கவில்லை. அங்கே சம்மதம் தாமதமானால் இங்கே மும்பையிலும் சூரத்திலும் கூட்டம் சேரும். மே 19ஆம் தேதிதான் மத்திய அரசு, சேரும் மாநிலத்தின் சம்மதம் கட்டாயமில்லை என்று விதியை மாற்றியது.

கட்டணத்திலும் குழப்பம். பயணிகளிடம் பணம் வாங்கி ரயில்வேக்குக் கொடுப்பது மாநில அரசின் வேலை என்று முதல் வழிகாட்டுதல் சொன்னது. சில மாநிலங்கள் தாங்களே கட்டின, சில இடங்களில் தொழிலாளர்களிடமே வாங்கினார்கள். ஒரு மாசமாகச் சம்பளமே இல்லாதவரிடம் டிக்கெட் காசு கேட்ட செய்திகள் பெரிய அரசியல் சண்டை ஆனது.

பயணத்திலும் பிரச்னை. பெரும்பாலான ரயில்கள் போனது உத்தரப் பிரதேசம், பீகார் என்ற இரண்டே மாநிலங்களுக்கு. எல்லாம் ஒரே திசை, ஒரே பாதை என்பதால் மே கடைசி வாரத்தில் தண்டவாளமே நெரிசலானது. ஸ்டேஷனில் தவிர்த்த கூட்டம் தண்டவாளத்தில் ரயில்களின் கூட்டமாக மாறியது என்று சொல்லலாம். பல ரயில்களைச் சுற்று வழியில் திருப்பிவிட்டார்கள். மும்பை அருகே வசாய் ரோட்டில் இருந்து உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூருக்குக் கிளம்பிய ஒரு ரயில், சம்பந்தமே இல்லாத ஒடிசாவின் ரூர்கேலாவில் போய் நின்றது. ரயில் வழி தவறியது என்று செய்தி பரவியது. வழி தவறலை, நெரிசலால் திருப்பிவிட்டோம் என்றது ரயில்வே. உள்ளே இருந்தவர்களுக்கு எது உண்மையாக இருந்தாலும் ஒன்றுதான். மே மாத வெயில், முன்பதிவில்லாத சாப்பாடு, தீர்ந்துபோன தண்ணீர்.

முசாஃபர்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இறந்து கிடந்த தாயின் மேல் இருந்த துணியைக் குழந்தை இழுத்து விளையாடிய வீடியோ அந்த வாரம்தான் வந்தது. குஜராத்தில் இருந்து ஷ்ராமிக் ரயிலில் வந்தவர் அவர். செப்டம்பர் 9 வரை ஷ்ராமிக் ரயில்களில் பயணித்த 97 பேர் இறந்ததாக நாடாளுமன்றத்தில் அப்போதைய ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் பதில் அளித்தார். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளில் மாரடைப்பு, ஏற்கெனவே இருந்த நோய்கள் போன்ற காரணங்கள் இருந்ததாகச் சொல்லப்பட்டது. உடல்நலப் பிரச்னை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் அவசியம் இல்லாமல் பயணம் செய்ய வேண்டாம் என்று ரயில்வே கேட்டுக்கொண்டது மே 29ஆம் தேதி. அதற்குள் ரயில்கள் ஓட ஆரம்பித்து நாலு வாரம் ஆகிவிட்டது.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, மே 28ஆம் தேதி இடைக்கால உத்தரவு போட்டது. தொழிலாளர்களிடம் ரயில், பஸ் கட்டணம் வாங்கக் கூடாது. கிளம்பும் இடத்தில் மாநிலமும், வழியில் ரயில்வேயும் சாப்பாடு, தண்ணீர் கொடுக்கணும். ஜூன் 9ஆம் தேதி இன்னொரு உத்தரவு: மாநிலம் ரயில் கேட்டால் 24 மணி நேரத்தில் கொடுக்கணும், 15 நாளில் எல்லாரையும் ஊர் சேர்க்கணும்.

புறநகர் ரயில்ல என்ன பண்ணாங்க?

நீண்ட தூர ரயிலில் பெயர், சீட் நம்பர் எல்லாம் இருக்கும். அதனால் மே 12 முதல் ஓடிய சிறப்பு ரயில்களுக்குக் கன்ஃபார்ம் ஆன டிக்கெட் இருந்தால்தான் ஸ்டேஷனுக்குள் அனுமதி, 90 நிமிஷம் முன்னாடியே வரணும் என்று சொல்ல முடிந்தது. மின்சார ரயிலில் அது நடக்காது. மும்பையில் கொரோனாவுக்கு முன் தினமும் 75 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் புறநகர் ரயிலில் போனார்கள். நெரிசல் நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் 14 பேருக்கு மேல் நிற்பதாகச் சொல்லும் அமைப்பு அது. அங்கே சமூக இடைவெளி என்பதே சிரிப்பு வரும் விஷயம்.

அதனால் அங்கே யார், எப்போ என்று பிரித்தார்கள். 2020 ஜூன் 15 முதல் அத்தியாவசியப் பணியாளர்கள் மட்டும். சுமார் 1,200 பேர் உட்காரும் ரயிலில் 700 பேர்தான் என்று கணக்கு வைத்தார்கள். அக்டோபர் 21 முதல் பெண்களுக்குக் காலை 11 முதல் மாலை 3 வரையும், இரவு 7க்குப் பிறகும். 2021 பிப்ரவரி 1 முதல் பொதுமக்களுக்கு நெரிசல் இல்லாத நேரங்களில் மட்டும். ஆகஸ்ட் 15 முதல் இரண்டு டோஸ் தடுப்பூசி போட்டு 14 நாள் ஆனவர்களுக்குப் பாஸ்.

சென்னையிலும் இதே வழிதான். 2020 அக்டோபர் 5ல் அத்தியாவசியப் பணியாளர்களோடு மின்சார ரயில் தொடங்கி, நவம்பர் 23ல் பெண்களுக்கும், டிசம்பர் 23ல் மற்றவர்களுக்கும் நெரிசல் இல்லாத நேரங்களில் திறந்தார்கள். நியாயமான திட்டம் போலத் தெரியும். ஆனால் ஒரு விஷயம்: காலை 8 மணிக்குக் கடைக்கோ பட்டறைக்கோ போக வேண்டியவருக்கு 10 மணி ரயிலால் பிரயோஜனம் இல்லை. அவர் பஸ்ஸில், ஷேர் ஆட்டோவில் போய் நெரிசல்பட்டார். அலுவலக நேரத்தை மாற்றாமல் ரயில் நேரத்தை மட்டும் மாற்றினால் பாதிப் பலன்தான்.

இரண்டாவது அலையில் என்ன மாறியது?

2021 ஏப்ரலில் மகாராஷ்டிராவில் கட்டுப்பாடுகள் வந்ததும் மும்பை லோக்மான்ய திலக் டெர்மினஸில் மறுபடியும் மூட்டை முடிச்சோடு கூட்டம். போன வருஷ அனுபவம் யாருக்கும் மறக்கவில்லை. ரயில் நிற்பதற்குள் போயிடணும் என்ற அவசரம்.

இந்த முறை ரயில்வே சொன்னது நேர் எதிரான செய்தி: ரயில்களை நிறுத்தும் திட்டமே இல்லை, தேவைப்பட்டால் கூடுதலாக விடுவோம், பதறாதீங்க. சொன்னபடி கூடுதல் ரயில்களும் விட்டார்கள். மும்பையின் முக்கிய ஸ்டேஷன்களில் பிளாட்பார டிக்கெட் விற்பனையை நிறுத்தினார்கள். கன்ஃபார்ம் டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே போக முடியவில்லை. ரயில் நிலையத்திலும் ரயிலிலும் முகக்கவசம் போடாவிட்டால் 500 ரூபாய் வரை அபராதம். கூட்டம் இருந்தது, ஆனால் 2020 மாதிரி நெடுஞ்சாலையில் நடக்கும் நிலை பெரிய அளவில் வரவில்லை. 'நாளைக்கும் ரயில் இருக்கு' என்று நம்புகிறவர் இன்றைக்கே முட்டி மோத மாட்டார்.

இப்போ என்ன ஏற்பாடு இருக்கு?

2025 பிப்ரவரி 15 இரவு, கும்பமேளா கூட்டத்தால் புது டெல்லி ஸ்டேஷன் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 18 பேர் இறந்தார்கள். இது தொற்றுநோய் சம்பந்தப்பட்டது இல்லை. ஆனால் இதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் அடுத்த தொற்றுநோய் நேரத்திலும் உதவக்கூடியவை. கூட்டம் அதிகமுள்ள 60 ஸ்டேஷன்களுக்கு வெளியே நிரந்தரக் காத்திருப்புப் பகுதி, ரயில் வந்தால்தான் பிளாட்பாரத்துக்கு அனுமதி, கன்ஃபார்ம் டிக்கெட் உள்ளவர்களுக்கே உள்ளே வழி, அகலமான நடைமேம்பாலங்கள், கேமராக்கள் என்று மார்ச் மாதம் அறிவித்தார்கள். ஸ்டேஷனின் கொள்ளளவையும் ரயில்களையும் பார்த்து டிக்கெட் விற்பனையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் ஸ்டேஷன் டைரக்டருக்குக் கொடுக்கப்படுகிறது. இதில் கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். கூட்டம் ஏறுவதை முதலில் பார்ப்பது அந்த ஸ்டேஷனில் இருப்பவர்தான். அவர் மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருந்தால் நேரம் போயிடும்.

காத்திருப்புப் பகுதியில் ஒரு சிக்கலும் உண்டு. சாதாரண நாளில் கூட்டத்தை அங்கே நிறுத்தி வைப்பது உயிரைக் காக்கும். தொற்றுநோய் நேரத்தில் மூடிய கூடாரத்தில் ஆயிரம் பேரை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் அதுவே தொற்று பரவும் இடமாகிவிடும். அப்போது காற்றோட்டம், சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்தல், காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தல் எல்லாம் சேர்த்துத் திட்டமிடணும்.

பயணிகள் என்ன செய்யலாம்?

'சிறப்பு ரயில்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் ரயில்வே உதவி எண் 139ல் கேட்டு உறுதி செய்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். உண்மையான சிறப்பு ரயிலுக்கு ரயில் எண் இருக்கும். எண் இல்லாமல் ஊர் பெயர் மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம். பதிவு முறை இருக்கும் நேரத்தில் அழைப்பு வராமல் ஸ்டேஷனுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், போன செலவுதான் மிச்சம்.

காய்ச்சல், இருமல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பயணத்தின் நடுவில் உடம்பு முடியாமல் போனால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள் அல்லது 139க்கு அழையுங்கள், அடுத்த பெரிய ஸ்டேஷனில் டாக்டர் வர ஏற்பாடு செய்வார்கள். நீண்ட பயணத்துக்குத் தண்ணீரும் ஒருநாள் கூடுதல் சாப்பாடும் கையில் இருக்கட்டும், ரயில் சுற்று வழியில் போனால் அதுதான் கைகொடுக்கும்.

நடைமேம்பாலத்திலோ படிக்கட்டிலோ கூட்டம் நகராமல் நின்றுவிட்டால் பின்னாலிருந்து தள்ளாதீங்க. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள், கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வையுங்கள், கீழே விழுந்த பையைக் குனிந்து எடுக்க வேண்டாம். கடைசி நிமிஷத்தில் பிளாட்பாரம் மாறியதாக அறிவிப்பு வந்தால் ஓடுவதற்கு முன் ரயில் எண்ணை இன்னொரு முறை கேளுங்கள். ஒரே ஊருக்குப் போகும் இரண்டு ரயில்களின் பெயர் ஒரே மாதிரி இருக்கும், எண் மட்டும்தான் வேறு.